ஜோடி சேராத பச்சை சுடிதார்

அத்தியாயம் 7

வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஒருவன். கரடி பொம்மையை இடுக்கிக்கொண்டு ஒருத்தி. பூப்போட்ட நைட்டியில் நாலு தடிப்பயல்கள். மத்தியானம் பன்னிரண்டே காலுக்குக் கல்லூரி வாசலில் நின்ற இந்தக் கூட்டத்தைப் பார்த்து கதிரேசன் ஸ்கூட்டரை அணைத்தார். பின்சீட்டிலிருந்து நாகலக்ஷ்மி இறங்கினாள்.

"இன்னா மேடம் இது? வூடு பத்திக்கினு எல்லாரும் பாதித் தூக்கத்துல வெளிய ஓடியாந்த மாறி கீது?"

"ஸ்பிரிட் வீக் அண்ணே. வருஷத்துக்கு ஒரு வாரம். திங்கக்கிழமை வேட்டி சேலை. செவ்வாய் ட்வின் டே, ரெண்டு ரெண்டு பேரா ஒரே டிரஸ். நேத்து பழைய காலத்து வேஷம். இன்னிக்கு பைஜாமா. நாளைக்கு ஊர்வலம், பரிசு."

"படிப்பு?"

"அது மாசக் கடைசியில கட்டணம் கட்டறவங்களுக்கு மட்டும்."

நாகலக்ஷ்மிக்கு முப்பத்திரண்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடிக்கிறானா என்று பார்த்துச் சொல்வதுதான் சோறு போடும் வேலை. அவள் வம்சத்தில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. மிதித்தவளுக்கும் அது ஒன்றும் பூ மெத்தையாக இருக்கவில்லை. கதிரேசன் பதினைந்து வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். இவளிடம் வந்ததே, யாரைப் பின்தொடர்ந்தாலும் கூடவே நாலு பேரை ஏற்றிக்கொள்ளாமல் ஓட்ட ஒரு ஆசை என்பதற்காகத்தான் என்று சொல்லுவார்.

வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் இருந்த அந்தத் தனியார் கல்லூரிக்கு இவர்களை வரவழைத்தவர் செல்வமேரி. தமிழ்த் துறை ஆசிரியை. கேமரா அறைக்குள் அவரே கூட்டிப்போனார்.

"நாலு மணிக்கு சேர்மன் வர்றார் மா. அதுக்குள்ள அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டதா கையெழுத்து போட்டுட்டு டி.சி. வாங்கிட்டுப் போயிடணும்னு பிரின்சிபால் சொல்லிட்டார். ரெண்டாவது வருஷம். அந்த வீட்டுலேயே முதல் பட்டதாரியா வரவேண்டியவ. இங்கேர்ந்து இப்படி ஒரு டி.சி.யோட போனா வேற எவன் சேர்த்துக்குவான்?"

"முதல்ல படத்தைக் காட்டுங்க மேடம்."

செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபத்தைந்து. ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் இருக்கும் நடைபாதை. சுவரோரம் பத்தடி உயரத்தில் ஒரு பொம்மை. நீலக் கோட்டு, தலையில் தொப்பி, கையில் துடைப்பான், கழுத்தில் 'எல்லம்மா' என்று ஒரு அட்டை. கிளிப்பச்சை சுடிதாரில் ஒருத்தி வருகிறாள். முகத்தை மஞ்சள் துப்பட்டாவால் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் மாதிரி சுற்றியிருக்கிறாள். பொம்மையின் எதிரே நிற்கிறாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நின்றுகொண்டே இருக்கிறாள். பிறகு மூலையில் இருந்த கழிவறை ஆசிட் பாட்டிலை எடுத்து, ஸ்டூலில் ஏறி, பொம்மையின் முகத்தில் ஊற்றுகிறாள். காகிதக் கூழால் செய்த முகம் வழிந்து இறங்குகிறது.

"யாரு மேடம் இந்த எல்லம்மா?" என்றார் கதிரேசன்.

செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டார். "இங்கே கூட்டிப் பெருக்கறவங்க. நாலு ஹவுஸும் ஆளுக்கு ஒரு கேம்பஸ் ஸ்டார் பொம்மை செய்யணும். வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், பஸ் டிரைவர். ரெட் ஹவுஸுக்கு எல்லம்மா வந்தாங்க. பொம்மைக்குள்ள ஸ்பீக்கர் வேற. கிட்டப் போனா, 'கால எடு கண்ணு, கால எடு'ன்னு அவங்க மாதிரியே பேசும். எல்லாரும் சிரிப்பாங்க."

"கவிஞர் பொம்மை, விஞ்ஞானி பொம்மை எல்லாம் செஞ்சா சிரிப்பு வராதுல்ல. நியாயம்தான்" என்றார் கதிரேசன்.

கெடுவதற்கு முன் எடுத்த பொம்மையின் படம் செல்வமேரியின் போனில் இருந்தது. நாகலக்ஷ்மி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல் உதட்டுக்கு இடது பக்கம் மரு. முன்பல்லில் ஒரு சிறு இடைவெளி. கேலிப் பொம்மைக்கு வேண்டியதைவிட நல்ல முகம்.

"முகத்தை யார் வரைஞ்சது?"

"ஜீவிதாதான். பழி வந்திருக்கற அதே பொண்ணு. அந்த ஹவுஸ்ல அவதான் நல்லா வரைவா. அவ செஞ்சதை அவளே கெடுத்தாளாம். ட்வின் டேக்கு ஜெனின்னு ஒரு ஃபிரெண்டு கூட வர்றதா சொல்லியிருந்தா. இவளே ரெண்டு பச்சை சுடிதார் வாங்கி ஒண்ணு ஜெனிக்குக் குடுத்தா. திங்கக்கிழமை சாயந்தரம் ஜெனி அதைத் திருப்பிக் குடுத்துட்டு வேற ஜோடியில சேர்ந்துட்டா. காலேஜ் முழுக்க ஜோடி ஜோடியா நிக்க, இவ மட்டும் தனியா. அந்த ஆத்திரத்துல செஞ்சிட்டான்னு ரெட் ஹவுஸ் கேப்டன் ஜெஃப்ரி சொல்றான். அவளும் ஆமாங்கறா."

"நீங்க ஏன் நம்பல?"

"அதே நேரத்துல நான் லேடீஸ் டாய்லெட்ல இருந்தேன். பக்கத்துக் கதவுக்குப் பின்னால ஒருத்தி விடாம அழுதா. கீழே செருப்பு தெரிஞ்சது. ஜீவிதாவோட செருப்பு. சொன்னேன். செருப்பு சாட்சி சொல்லாது மேடம்னு பிரின்சிபால் சிரிச்சிட்டார்."

இரண்டாவது சுடிதாரையும் கொண்டுவரச் சொல்லி பிரின்சிபால் வாங்கி வைத்திருந்தார். கடையின் மஞ்சள் பையோடு அது மேஜைமேல் கிடந்தது. விலைச் சீட்டு அப்படியே தொங்கியது. இந்த மாதிரி சுடிதார்கள் கை இல்லாமல்தான் வரும். கைத்துணியை மடித்து உள்ளே ஊக்கு குத்தியிருப்பார்கள். வேண்டியவர்கள் தைத்துக்கொள்ளலாம். இதிலும் கைத்துணி ஊக்கோடு உள்ளேயே இருந்தது.

"கேமராவுல வந்தவளுக்கு முழுக்கை கீது. இதுல கையே இல்ல. ஆக, இதை யாரும் போடல, போட்டது ஒண்ணுதான். கேஸ் க்ளோஸ்" என்றார் கதிரேசன். "நாம போயி கேன்டீன்ல ஒரு டீ சொல்லலாமா?"

நாகலக்ஷ்மி சுடிதாரின் தோள் ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அந்த வளைவு முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டைகள். எறும்பு வரிசை போனது போல.

"அண்ணே, தைக்காத துணியில ஊசி எப்படிப் போச்சு?"

கதிரேசன் குனிந்து பார்த்தார். டீ மறந்துபோனது.

"தைச்சி, பிரிச்சிகீறாங்க!"

*

பிரின்சிபால் அறைக்கு வெளியே பெஞ்சில் ஜீவிதா உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போனவர்கள் தலையணையும் போர்வையுமாகப் போனார்கள். ஒருத்தி அவள்மேல் வேண்டுமென்றே கொட்டாவி விட்டாள்.

"நான்தான் செஞ்சேன். உங்களை யாரு கூப்பிட்டாங்க?" என்றாள் ஜீவிதா, நாகலக்ஷ்மி வாய் திறப்பதற்குள்.

"ஏன் செஞ்சே?"

"பிடிக்கல."

"உன் வீட்டுல தெரியுமா?"

அதுவரை கல் மாதிரி இருந்த முகம் ஒரு கணம் ஆடியது. "அம்மாகிட்ட சாரி லெட்டர் குடுத்தா போதும்னு சொல்லியிருக்கேன். அவங்களுக்கு அவ்ளோதான் புரியும். நீங்க எதையும் கிளறாதீங்க. ப்ளீஸ், போயிடுங்கக்கா."

தப்புச் செய்தவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். செய்யாதவர்கள் அழுவார்கள். இவள் தண்டனைக்கு அவசரப்பட்டாள். நாகலக்ஷ்மி, செல்வமேரியிடம் கேட்டு சுடிதாரோடு வாங்கி வந்திருந்த மஞ்சள் பையில் இருந்த கடை முகவரியைப் பார்த்தாள். தாம்பரம் மார்க்கெட்.

*

மார்க்கெட் தெருவில் அந்தத் துணிக்கடை வாசலிலேயே தையல் மெஷின் போட்டு சவுரிமுத்து உட்கார்ந்திருந்தார். சுடிதாரைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது நான் கை வச்சதாச்சே. நானே பிரிச்சதும். முப்பது வருஷமா குந்திகினு கீறேன், திங்கக்கிழமை ராத்திரி கடை மூடறப்போ கை வச்சித் தாங்கன்னு கேட்டு, செவ்வாக்கிழமை பிரிச்சித் தாங்கன்னு கேட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"ஏன் பிரிக்கச் சொன்னாங்களாம்?"

"கடையில திருப்பிக் குடுத்துரலாம்னு. புதுசு மாறி இருக்கணும், ஊக்கைக் கூட அதே எடத்துல குத்துன்னாங்க. மொத நாளு வந்தப்போ எவ்ளோ சந்தோசம்! 'அண்ணே, எம்பொண்ணுக்கு வச்ச மாறியே வையி, ஒரு நூல் கூடக் கொறையக் கூடாது, நாளைக்கு நானும் எம்பொண்ணும் ஒரே டிரஸ்'ன்னு. மறுநாளு சாயந்தரம் மூஞ்சே இல்ல."

கதிரேசனும் நாகலக்ஷ்மியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்படி இருந்தாங்கண்ணா?"

"நாப்பது வயசு இருக்கும். நீலக் கோட்டு. முதுகுல ஏதோ காலேஜ் பேரு போட்டிருந்துச்சு. சிரிச்சா முன்பல்லுல சந்து தெரியும். இங்க ஒரு மரு." சவுரிமுத்து தன் உதட்டுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார்.

ஸ்கூட்டர் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியதும் கதிரேசன் கத்தினார்: "அப்போ எல்லம்மா அந்தப் பொண்ணோட ஆத்தாவா? ஒருத்தருக்குமா தெரியாது?"

"பெருக்கறவங்க எல்லாரும் காலையிலேர்ந்து மாஸ்க்கோட இருக்காங்க, பார்த்தீங்களா? ஆசிட் நெடிக்கு. அந்த மாஸ்க்குக்குள்ள மரு இருக்கு, பல்லுல சந்து இருக்குன்னு எந்தப் பையனுக்குத் தெரியும்? பொம்மைக்கு அந்த முகத்தைப் போட வீட்டுல மாஸ்க் இல்லாம சோறு போடறப்போ பார்த்திருக்கணும்."

"தன் ஆத்தாவையே கேலி பொம்மையா செஞ்சாளா? அடிப்பாவி."

"மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்கல்ல?"

கதிரேசன் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். நாகலக்ஷ்மிக்கு எல்லாம் கூடிவந்துவிட்டது. தன்னைப் பத்தடிக்குப் பண்ணி நிறுத்தி ஊரே சிரித்தால் யாருக்கும் கொதிக்கும். எல்லம்மாவுக்குக் கொதித்தது, ஊற்றிவிட்டாள். கணக்கு அவ்வளவுதான் என்று நினைத்தாள். அது தப்பு.

*

மாடிப்படிக்குக் கீழே இருந்த பொருள் வைக்கும் அறையில் எல்லம்மா துடைப்பான்களைப் பிழிந்துகொண்டிருந்தாள். செவ்வாய், பச்சை சுடிதார் என்று நாகலக்ஷ்மி ஆரம்பித்ததுமே மாஸ்க்கை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மரு, பல் இடைவெளி, எல்லாம் அப்படியே. ஜீவிதா நல்ல ஓவியக்காரிதான்.

"அந்த பொம்மையை வச்சு அவங்க பண்ணின அநியாயத்துக்கு உங்களுக்குக் கோவம் வந்தது சரிதான்" என்றாள் நாகலக்ஷ்மி.

"பொம்மையா?" எல்லம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "அது வந்து ஒரு வாரமாச்சும்மா. டெய்லி நான்தான் தூசி தட்டி வச்சேன். எம்பொண்ணு செஞ்சதாச்சே. நல்லா இருந்துச்சு. 'கால எடு கண்ணு'ன்னு அது சொல்லும், நானும் சிரிப்பேன்."

"அப்புறம் ஏன்?"

எல்லம்மா துடைப்பானின் நூல்களை ஒவ்வொன்றாக நீவினாள்.

"அந்த ஜெனிப்பொண்ணு வரலன்னு திங்கக்கிழமை ராத்திரி சோறே துன்னல. எல்லாருக்கும் ஜோடி கீது, எனக்கு மட்டும் இல்லன்னு ஒரே அழுவை. சரி, நாம போயி நிப்போம்னு தோணுச்சு. அவகிட்ட சொல்லல. காலையிலேர்ந்து கோட்டுக்குள்ள அதைப் போட்டுகினு வேலை செஞ்சேன். டீ டயத்துல கோட்டைக் கழட்டிட்டு, தல சீவிக்கினு, கிரவுண்டாண்ட போனேன். நாலு பொண்ணுங்களோட நின்னுகினு இருந்தா. 'ஜீவி, உன்ன மாறியே டிரஸ் போட்டுகினு ஒரு ஆன்ட்டி வர்றாங்க, யாருடி அது'ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. ஒருத்திக்கும் என்னை அடையாளம் தெரியல பாரு, கோட்டு இல்லாம." அவள் சிரிக்கப் பார்த்தாள். "இவ என்னை நேராப் பாத்தா. பாத்து, 'தெரியாது, யாரோ லூசு'ன்னா. சொல்லிட்டு ஓடிட்டா."

கதிரேசன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முக்காடு போட்டுகினு பின்பக்கமா வந்தேன். அங்க அது நிக்குது. அதே மரு, அதே பல்லு. நெஜ மூஞ்சிய யாரோன்னுட்டா, இந்த மூஞ்சிய மட்டும் எவ்ளோ கரெக்டா போட்டுகீறா. அப்போ இந்த மூஞ்சி எங்கயும் இருக்க வாணாம்னு தோணுச்சு. ஊத்திட்டேன்."

பிழிந்த துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லம்மா கேட்டாள்: "சாரி லெட்டர் குடுத்துட்டாளா?"

"அது சாரி லெட்டர் இல்லம்மா. காலேஜை விட்டு அனுப்பற லெட்டர்."

எல்லம்மா எழுந்தாள். ஈரக்கையைக் கோட்டில் துடைத்தாள். நாகலக்ஷ்மி குறுக்கே நின்றாள்.

"நீங்க ஒத்துக்கிட்டா ஆசிட் கேஸ்னு போலீஸுக்குக் குடுப்பாங்க. உள்ள போயிடுவீங்க. அதனாலதான் அவ உங்ககிட்ட மறைச்சிருக்கா."

"இருக்கட்டும்மா. உள்ளயும் பெருக்கற வேலைதானே குடுப்பாங்க?"

*

மணி மூன்று. பிரின்சிபால் சுப்ரமணியன் பேனா மூடியைத் திறந்து ஜீவிதாவின் பக்கம் நகர்த்திய நேரத்தில் எல்லம்மா உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே மஞ்சள் பையோடு நாகலக்ஷ்மியும் கதிரேசனும்.

"சார், ஊத்துனது நான்தான். இவ எம்பொண்ணு."

சுப்ரமணியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகச் சாயல் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பொய் சார்" என்றாள் ஜீவிதா. "என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாங்க. ரெண்டாவது டிரஸ் இதோ அந்தப் பையிலதான் இருக்கு. அதுல கையே இல்ல. இவங்க எப்படிப் போட்டிருக்க முடியும்?"

"கரெக்ட்" என்றார் சுப்ரமணியன். நாகலக்ஷ்மியைப் பார்த்தார். "நீங்கதான் அந்த டிடெக்டிவா? தாம்பரம் வரைக்கும் போய்ட்டு வந்தீங்களாம். சொல்லுங்க, ரெண்டு பேர்ல யார்?"

ஜீவிதாவின் கண்கள் அவளைக் கெஞ்சின. எல்லம்மாவின் கண்களும் கெஞ்சின, நேர் எதிராக. ஊசி ஓட்டைகள் என்ற ஒரு வார்த்தை போதும், பெண்ணுக்குப் படிப்பு மிஞ்சும், தாய்க்கு ஜெயில். வாயை மூடிக்கொண்டால் தாய் மிஞ்சுவாள், படிப்பு போகும். ஏழு வருடத் தொழிலில் இத்தனை அழகான துப்பு நாகலக்ஷ்மிக்குக் கிடைத்ததில்லை. அதை அப்படியே விழுங்கினாள்.

"தெரியல சார்."

"தெரியலையா?"

"ஒரு குற்றம், ஒத்துக்கிட்டவங்க ரெண்டு பேர், முகம் தெரியாத ஒரு படம். உங்க விசாரணைக் கமிட்டியால இதைப் பிரிக்க முடியாது. போலீஸ் வரட்டும். கூப்பிடுங்க."

"தாராளமா" என்று போனை எடுத்தார்.

"வந்ததும் ஆசிட்டை எது மேல ஊத்தினாங்கன்னு கேப்பாங்க. உங்ககிட்ட வேலை செய்யற அம்மாவை பத்தடிக்கு செஞ்சு, பேரை எழுதிக் கழுத்துல மாட்டி, குரலை ரெக்கார்ட் பண்ணி ஊரைச் சிரிக்க வச்ச பொம்மை மேலன்னு சொல்லணும். திங்கக்கிழமை உங்க சேர்மன் அதுக்கு மாலை போட்டு இடுப்புல ஒரு தட்டு தட்டினதை உங்க காலேஜ் ஃபேஸ்புக் பக்கத்துலயே வீடியோ போட்டிருக்கீங்க. அந்த அம்மா இதோ நிக்கறாங்க. அவங்களும் ஒரு புகார் குடுப்பாங்க."

"நானே நாப்பது பேருக்கு அனுப்பிகீறேன் சார், அந்த வீடியோவ" என்றார் கதிரேசன், அனுப்பாமலே. "தட்டு செமையா வுழுந்துகீது."

போன் மெதுவாக மேஜைக்குத் திரும்பியது. சுப்ரமணியன் ஜீவிதாவின் கடிதத்தை நாலாக மடித்துக் கிழித்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாரோ வெளியாள் வந்து செஞ்சதா எழுதிடலாம். இவ படிக்கட்டும். இந்த அம்மா எங்க ஸ்டாஃப் இல்ல, கான்ட்ராக்டரோட ஆள். இன்னியோட அனுப்பிடச் சொல்றேன். அப்புறம் இந்த கேம்பஸ் பக்கமே வரக் கூடாது. பேரன்ட்ஸ் மீட்டிங், கான்வகேஷன், எதுக்கும். எழுதிக் கையெழுத்து போடணும்."

"கான்வகேஷன்னா இன்னா சார்?" என்றாள் எல்லம்மா.

ஜீவிதாதான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பட்டம் குடுக்கற விழா."

"நான் வரலன்னாலும் அவளுக்குக் குடுத்துருவீங்கல்ல?"

"குடுப்போம்."

"அது போதும் சார்." எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பேரைப் போட்டாள் எல்லம்மா. நீலக் கோட்டையும் மாஸ்க்கையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

வெளியே வராந்தாவில் ஜெஃப்ரி காத்திருந்தான். பட்டு பைஜாமா, காலில் முயல் காது வைத்த செருப்பு. கோட்டும் மாஸ்க்கும் இல்லாமல் வந்த எல்லம்மாவை மேலும் கீழும் பார்த்தான்.

"ஜீவி, என்னாச்சு? இவங்க யாரு?"

ஜீவிதாவின் உதடுகள் பிரிந்தன. நாகலக்ஷ்மி ஓரடி முன்னால் வந்தாள். சொல்லுடி. ஒரு வார்த்தை. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவும்.

"பெருக்கறவங்கப்பா" என்றாள் எல்லம்மா, முந்திக்கொண்டு. "சாவி குடுக்க வந்தேன்."

"ஓ" என்று ஜெஃப்ரி நகர்ந்தான். ஜீவிதா அவனைத் திருத்தவில்லை. நாகலக்ஷ்மிக்கு அவளை அறையக் கை துடித்தது. மூன்று வருடக் கல்லூரியில், அப்பா கல் உடைக்கிறவர் என்பதைச் சொல்லாமல் கான்ட்ராக்டர் என்றே சொல்லி முடித்தவள்தான் நாகலக்ஷ்மியும். எந்தக் கையால் அறைவது?

ஒலிபெருக்கி கரகரத்தது. மூன்றரைக்கு எல்லாரும் ஆடிட்டோரியத்தில் இருக்க வேண்டும், ஸ்பிரிட் வீக் அட்டென்டன்ஸ் இல்லாதவர்களுக்குப் பரீட்சை எழுத அனுமதி கிடையாது.

"ஓடு, ஓடு. ஆப்சென்ட் போட்டுருவாங்க" என்றாள் எல்லம்மா.

ஜீவிதா இரண்டடி வைத்தாள். நின்றாள். திரும்பவில்லை. பிறகு தலையணைகளும் போர்வைகளும் ஓடிய அந்தக் கூட்டத்துக்குள் அவளும் ஓடினாள். எல்லம்மா எட்டி எட்டி, அவள் தலை மறையும்வரை பார்த்தாள். வாட்ச்மேன் வந்து பையைத் திறந்து காட்டச் சொன்னபோதும் அவள் காது ஆடிட்டோரியத்தின் பக்கமே இருந்தது. உள்ளே பேர் பேராகக் கூப்பிட்டார்கள்.

"ஜீவிதா."

"பிரசென்ட் மேம்."

எல்லம்மா பையைத் திறந்து காட்டினாள்.